வெளிவாரி என்னும் சொல்லும் மாலை வகுப்பில் பிறந்த கல்வியும்

யாழ்ப்பாணத்தில் உயர்கல்வியைப் பற்றிய பேச்சில் ‘உள்வாரி’, ‘வெளிவாரி’ என்னும் இரு சொற்கள் நாளாந்தம் புழங்குகின்றன. பல்கலைக்கழக அனுமதி பெற்று, முழுநேரமாக விரிவுரைகளுக்குச் சென்று படிப்பவர் உள்வாரி மாணவர்; தொழில் பார்த்துக்கொண்டோ வீட்டுப் பொறுப்புகளைச் சுமந்துகொண்டோ பெயரைப் பதிந்து, பெரும்பாலும் தாமாகவே படித்து, பல்கலைக்கழகம் நடத்தும் பரீட்சைக்குத் தோற்றுபவர் வெளிவாரி மாணவர். இவ்விரண்டுக்கும் இடையில் வார இறுதி வகுப்புகளாலும் தொலைக்கல்வியாலும் நடைபெறும் பகுதிநேரப் படிப்பு இருக்கிறது. படிக்கும் முறையைக் குறிக்க எழுந்த இச்சொற்கள் காலப்போக்கில் தரத்தைக் குறிக்கும் சொற்களாகவும் ஆகிவிட்டன. தொழில் நேர்முகத்திலும் கல்யாணப் பேச்சிலும் ‘வெளிவாரியோ?’ என்ற கேள்வி ஏதோ ஒரு குறையை விசாரிக்கும் குரலிலேயே கேட்கப்படுகிறது.

எல்லாத் துறைகளுக்கும் பொதுவான இந்த மனப்பாங்கு ஆங்கில இலக்கியத்துக்கும் பண்பாட்டு ஆய்வுக்கும் சிறிதும் பொருந்தாது. பண்பாட்டு ஆய்வு என்று இன்று உலகெங்கும் அறியப்படும் துறை, பகற்பொழுதில் உழைத்துவிட்டு மாலையில் படிக்க வந்தவர்களின் வகுப்பறைகளிலேதான் உருவெடுத்தது. யாழ்ப்பாணத்தின் புலமை மரபிலும், தூரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பரீட்சைக்கு உள்ளூரிலிருந்தே ஆயத்தமாகும் வழக்கம் நூற்றாண்டைத் தாண்டிய பழைமை உடையது. இவ்விரு வரலாறுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, குடாநாட்டில் ஆங்கில இலக்கியத்தைப் பகுதிநேரமாகப் படிக்கும் ஓர் ஆசிரியையோ வங்கி ஊழியரோ தம் படிப்பை எவ்வாறு மதிக்க வேண்டும் என்பது தெளிவாகும்.

இரு துறைகள், ஒரு வாசிப்பு

ஆங்கில இலக்கியக் கல்வி என்பது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கவிதை, நாடகம், நாவல், சிறுகதை, கட்டுரை ஆகியவற்றைச் சொல் சொல்லாக நுணுகி வாசித்து, அவற்றின் வடிவத்தையும் காலத்தையும் கருத்தையும் ஆராயும் கல்வியாகும். இலக்கணமும் உரையாடற் பயிற்சியும் கற்பிக்கும் ஆங்கில மொழி வகுப்பிலிருந்து இது வேறுபட்டது. ஒரு மொழியைப் பேசத் தெரிந்திருப்பது அதில் எழுந்த இலக்கியத்தைப் படிக்கும் படிப்புக்கு வாசற்படி மட்டுமே. இத்துறையின் பிறப்பே காலனித்துவத்தோடு பிணைந்தது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஆங்கில இலக்கியம் இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்களில் ஒரு பாடமாக நிலைபெறுவதற்கு முன்னரே பிரித்தானிய இந்தியாவில், ஆளப்படும் மக்களின் மனத்தைப் பண்படுத்தும் கருவியாக, பாடத்திட்டத்துள் வைக்கப்பட்டதை ஆய்வாளர் கௌரி விஸ்வநாதன் 1989இல் வெளியான தமது நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார்.

பண்பாட்டு ஆய்வு என்பது இந்த நுணுகிய வாசிப்பை நூல்களுக்கு வெளியேயும் கொண்டுசெல்லும் துறையாகும். திரைப்படம், விளம்பரம், செய்தித்தாள், உடை, பாட்டு, திருவிழா, கல்யாண அல்பம் முதலிய அன்றாட வாழ்வின் பொருள்களையும் பழக்கங்களையும் வாசிக்கத்தக்க பனுவல்களாகக் கொண்டு, அவற்றில் யாருடைய அதிகாரம் எவ்வாறு இயல்பானதாகத் தோற்றம் கொள்கிறது, மக்கள் அதனை எங்கே ஏற்கின்றனர், எங்கே மறுக்கின்றனர் என்று அது கேட்கிறது. ‘பனுவல்’ என்ற சொல் இங்கு எழுதப்பட்டதை மட்டுமன்றிப் பொருள் தரும் எதனையும் குறிக்கும். ஷேக்ஸ்பியரின் நாடகம் போலவே, நல்லூர்த் திருவிழாக் காலத்து வீதியோரக் கடைகளின் அறிவிப்புப் பலகைகளும் இத்துறைக்கு ஆய்வுப் பொருளாகும்.

உழைப்பாளர் வகுப்பறையிலிருந்து

இந்த அகன்ற பார்வை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை, பழம்பெரும் பல்கலைக்கழகங்களின் மண்டபங்களுக்கு வெளியே இருக்கிறது. பிரித்தானியாவில் 1903இல் தோற்றம் பெற்ற தொழிலாளர் கல்விச் சங்கமும், பல்கலைக்கழகங்களின் புறநிலைக் கல்விப் பிரிவுகளும், தொழிலாளர்க்கும் இல்லத்தரசிகளுக்கும் ஊர் மண்டபங்களில் மாலை வகுப்புகளை நடத்திவந்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, இளம் ஆசிரியர்கள் மூவர் இவ்வகுப்புகளில் கற்பிக்கச் சென்றனர். றிச்சார்ட் ஹொகார்ட் 1946 முதல் 1959 வரை ஹல் பல்கலைக்கழகத்தின் சார்பிலும், றேமண்ட் வில்லியம்ஸ் 1946 முதல் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் ஒக்ஸ்போர்ட்டின் சார்பிலும், வரலாற்றாசிரியரான ஈ. பி. தொம்சன் 1948 முதல் 1965 வரை லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் சார்பிலும் வளர்ந்தோர் கல்வியில் பணியாற்றினர்.

இத்துறையின் அடித்தளமாக இன்று கருதப்படும் மூன்று நூல்கள், ஹொகார்ட்டின் எழுத்தறிவின் பயன்கள் பற்றிய நூல் 1957இலும், வில்லியம்ஸின் பண்பாடும் சமூகமும் என்னும் பொருளிலமைந்த நூல் 1958இலும், தொம்சனின் ஆங்கிலத் தொழிலாளி வர்க்கத்தின் உருவாக்கம் பற்றிய பெருநூல் 1963இலுமாக, அவர்கள் இவ்வகுப்புகளில் கற்பித்துக்கொண்டிருந்த காலத்திலேயே வெளிவந்தன. முழுநேர மாணவர் பாடத்திட்டம் தருவதை ஏற்றுக்கொண்டு பரீட்சையை நோக்கி நடப்பர். பகல் முழுவதும் உழைத்துவிட்டு வந்தவரோ, இந்தக் கவிதைக்கும் தம் வாழ்வுக்கும் என்ன தொடர்பு, தாம் வாசிக்கும் வாரப் பத்திரிகை ஏன் இலக்கியமாக எண்ணப்படுவதில்லை என்று கேட்பர். அத்தகைய கேள்விகளுக்குப் பழைய இலக்கியக் கல்வியிடம் ஆயத்தமான விடை இருக்கவில்லை. பண்பாடு என்பது மேல்தட்டினரின் உடைமையன்று, சாதாரண மக்களின் முழு வாழ்க்கை முறையுமே பண்பாடு என்று வில்லியம்ஸ் வகுத்துரைத்த கருத்து இச்சூழலிலேயே முதிர்ந்தது. தாம் ஈடுபட்ட துறையின் தோற்றுவாயை நூல்களின் வரிசையில் தேடாமல் வளர்ந்தோர் கல்வியில் தேட வேண்டும் என்று பிற்காலத்தில் அவரே வற்புறுத்தினார்.

1964இல் ஹொகார்ட் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தை நிறுவியபோதுதான் இத்துறைக்குப் பல்கலைக்கழக முகவரி ஒன்று கிடைத்தது. அவருக்குப் பின் அதனை வழிநடத்தியவர் யமேக்காவிற் பிறந்து 1951இல் ஒக்ஸ்போர்ட்டுக்குப் படிக்க வந்த ஸ்ருவேட் ஹோல். அவர் 1979இல் பேர்மிங்ஹாமை விட்டு நீங்கிப் பேராசிரியராகச் சேர்ந்த இடம் பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் ஆகும். 1969இல் நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகம் முன்தகுதி கேளாமல், தொழில் செய்வோரை வீட்டிலிருந்தே படிக்க வைத்தது. ஹோல் 1997 வரை அங்கேயே கற்பித்தார். மாலை வகுப்பில் தொடங்கிய துறை, அதன் தலைசிறந்த ஆசிரியரோடு மீண்டும் பகுதிநேர மாணவரிடமே சென்று சேர்ந்தது.

யாழ்ப்பாணத்தின் நீண்ட வழி

யாழ்ப்பாணத்தில் உயர்நிலை ஆங்கிலக் கல்வி 1823இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியோடு தொடங்குகிறது. டானியல் பூரை முதல் அதிபராகக் கொண்ட அந்நிறுவனத்தில் ஆங்கிலமும் தமிழும், மேற்கத்திய கணிதமும் விஞ்ஞானமும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. ஆங்கிலக் கல்வி மதப்பணிக்கு ஆள் சேர்ப்பதைவிட அரச உத்தியோகத்துக்கே வழிசெய்கிறது என்ற மனக்குறை மிசன் தலைமையிடம் வளர்ந்து, 1855இல் செமினரி மூடப்பட்டது. ஆயினும் அங்கு படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். கடலுக்கு அப்பாலிருந்த பல்கலைக்கழகத்தின் பட்டத்தை யாழ்ப்பாணத்தில் பெற்ற கல்வியின் வலிமையால் வென்ற இவர்களுள், தாமோதரம்பிள்ளை பின்னர் ஏட்டுச்சுவடிகளிலிருந்த பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த முன்னோடியாகத் திகழ்ந்தார். ஆங்கிலக் கல்வி ஒருவரைத் தம் மொழியிலிருந்து பிரித்துவிடும் என்ற அச்சத்துக்கு அவருடைய வாழ்க்கையே போதிய மறுமொழியாகும்.

வெளிவாரிப் பட்டம் என்னும் ஏற்பாடு இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு 1858இல் கிடைத்த புதிய சாசனத்தோடு உருவானது. எங்கு, எவ்வாறு படித்தவராயினும் பரீட்சையில் தேறினால் பட்டம் பெறலாம் என்ற அவ்விதி, பேரரசின் தொலைதூரக் குடியேற்றங்களிலிருந்த இளைஞர்க்குப் பெருவாயிலைத் திறந்தது. 1921இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியே, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும் வரை, தன் மாணவரை இலண்டனின் வெளிவாரிப் பட்டப் பரீட்சைகளுக்குத்தான் ஆயத்தப்படுத்திற்று. இன்று உள்வாரிக் கல்வியின் உச்சமாகப் போற்றப்படும் மரபின் முதற் கட்டம் முழுவதும், சொல்லின் நேர்ப்பொருளில், வெளிவாரியாகவே கழிந்தது என்பதனை மறத்தல் ஆகாது.

1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டமும், 1960களில் கலைத்துறைப் பல்கலைக்கழகக் கல்வி சிங்களத்துக்கும் தமிழுக்கும் மாறியமையும் ஆங்கிலத்தின் இடத்தை மாற்றின. தாய்மொழியில் உயர்கல்வி பெறும் உரிமை கிராமப்புற மாணவர்க்குப் பெரும்பேறாக அமைந்தபோதிலும், ஆங்கில இலக்கியம் படிப்போர் வட்டம் அதனால் மேலும் சுருங்கியது. 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம், சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி நின்ற திருநெல்வேலியில் தொடங்கப்பட்டது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1980இல் பணி தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தொழில் புரிவோருக்குத் தொலைக்கல்வியின் கதவைத் திறந்து, யாழ்ப்பாணத்திலும் தன் பிராந்திய நிலையத்தை அமைத்தது. ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் பலர் பாடசாலைப் பணியை விடாமலே பட்டதாரியாவதற்கு இவ்வழி இன்று பயன்படுகிறது.

யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவராகப் பொறுப்பேற்ற க. கைலாசபதி, பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிரேக்க மொழிப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். பழந்தமிழ் வீரயுகக் கவிதையைப் பற்றிய அவ்வாய்வு 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. கரவெட்டியிற் பிறந்த கா. சிவத்தம்பியும் அதே பேராசிரியரிடம் பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி ஆய்ந்து 1970இல் கலாநிதியானார். இவர்கள் ஹொகார்ட்டின் மையத்து மாணவர் அல்லர். ஆயினும், இலக்கியத்தை அது பிறந்த சமூகத்தோடு சேர்த்து வாசிக்கும் முறையை, அதே நகரில், அதே பத்தாண்டில், அவர்கள் வேறொரு வாசல் வழியாகக் கற்று ஊருக்குக் கொண்டுவந்தனர். தமிழ்த் திரைப்படம் எவ்வாறு அரசியற் செய்தியைப் பரப்பும் ஊடகமாகிறது என்று சிவத்தம்பி 1981இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சிறுநூல், பெயரளவில் இல்லாவிடினும் செயலளவில், முழுமையான பண்பாட்டு ஆய்வாகும்.

பாடநூலின் ஓரம்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தோருள் ஏ. ஜே. கனகரட்னா ஆங்கில விமரிசனச் சிந்தனைகளைத் தமிழ் வாசகருக்குக் கொண்டுவந்த மொழிபெயர்ப்பாளராகவும் விமரிசகராகவும் நினைவுகூரப்படுகிறார். அங்கு கற்பித்த செல்வா கனகநாயகம் பின்னர் ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராகி, ஈழத்துத் தமிழ் எழுத்துகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டார். 1984 முதல் பத்தாண்டுகள் அங்கு கற்பித்த சுரேஷ் கனகராஜா, போர்க்கால யாழ்ப்பாணத்தின் ஆங்கில வகுப்பறையையே ஆய்வுப் பொருளாக்கி, அதனை உலக மொழிக் கல்வியாளர் கவனிக்கும்படி செய்தார்.

அவருடைய ஆய்வில் ஓரிடம் இங்கு அருகில் நின்று பார்க்கத்தக்கது. பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்க்கு அமெரிக்க வாழ்வைச் சித்திரிக்கும் ஓர் ஆங்கிலப் பாடநூல் வழங்கப்பட்டிருந்தது. அப்பாடநூல்களை அவர் திரும்பப் பெற்று விரித்துப் பார்த்தபோது, பக்கங்களின் ஓரங்களில் மாணவர் தம் கைப்பட இட்ட படங்களும் வசனங்களும் நிறைந்திருந்தன. காதல் ஏக்கமும் திரைப்பாட்டின் உணர்வும் அக்காலத்துப் போராட்டக் குறியீடுகளும் அங்கு இடம்பெற்றன. நூலில் வந்த வெளிநாட்டு மாந்தரை உள்ளூர்க் கோலத்துக்கு இழுத்துவரும் கிறுக்கல்களும் இருந்தன. வகுப்பில் அடங்கியிருந்த மாணவர் பக்கத்தின் ஓரத்தில் அப்பாடநூலோடு வாதிட்டுக்கொண்டிருந்தனர். அதே மாணவர் பரீட்சைக்கு வேண்டிய இலக்கணத்தைத் திருத்தமாகக் கற்றுத்தருமாறும் வேண்டினர் என்பதனையும் கனகராஜா மறைக்கவில்லை. எதிர்ப்பும் தேவையும் ஒரே மனத்தில் ஒருங்கே குடியிருந்தமையை அவர் உள்ளவாறே பதிவுசெய்தார். ஒழுங்கீனம் என்று ஆசிரியர் அழித்துவிடக்கூடிய கிறுக்கலைச் சான்றாக மதித்து வாசிப்பதே பண்பாட்டு ஆய்வின் கண் என்பதற்கு, யாழ்ப்பாண மண்ணிலிருந்து இதனினும் சிறந்த எடுத்துக்காட்டைத் தேடுதல் அரிது.

இந்த ஆய்வு எழுந்த சூழலும் எளிதானதன்று. மண்ணெண்ணெய் அரிதாகி, மின்சாரம் முற்றாக இல்லாதிருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில், ஜாம் போத்தலுக்குள் திரியிட்டு எரித்த சிறு விளக்கின் வெளிச்சத்தில் ஒரு தலைமுறை படித்தது. கவிழ்த்து வைத்த சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டது. வெள்ளைத் தாளுக்கும் தபாலுக்கும் கூடத் தட்டுப்பாடு நிலவிய இடத்திலிருந்து எழுதுபவரின் கட்டுரை உலக ஆய்விதழ்களை எட்டுவதற்கு எத்தனை தடைகளைத் தாண்டவேண்டும் என்பதையே கனகராஜா 2002இல் மற்றொரு நூலாக விரித்தெழுதினார். தடையையே ஆய்வுப் பொருளாக்கிய அத்துணிவு இன்றைய பகுதிநேர மாணவர்க்கும் வழிகாட்டும்.

‘தெனாலி’யைப் பார்க்கும் மூவர்

பண்பாட்டு ஆய்வின் கோட்பாடுகள் கடினமானவை என்ற எண்ணம் பரவலாக உண்டு. அவற்றுள் மிகப் புகழ்பெற்ற ஒன்றை, யாழ்ப்பாணத்து வரவேற்பறையில் இருந்துகொண்டே விளக்கிவிடலாம். ஊடகம் ஒரு செய்தியைக் குறிகளாகக் கோத்து அனுப்புகிறது, பார்ப்பவர் அக்குறிகளைத் தம் வாழ்வின் துணைகொண்டு அவிழ்க்கிறார், கோத்தவரின் கருத்தும் அவிழ்த்தவரின் கருத்தும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை என்று ஸ்ருவேட் ஹோல் 1973இல் எழுதினார். அவ்வாறு அவிழ்க்கும் நிலைகள் மூன்று என்றும் அவர் வகுத்தார்: அனுப்பியவரின் கருத்தை அப்படியே கொள்ளுதல், ஒரு பகுதியை ஏற்று ஒரு பகுதியோடு முரண்படுதல், முழுவதையும் எதிர்நிலையிலிருந்து வாசித்தல்.

2000இல் வெளிவந்த ‘தெனாலி’ திரைப்படத்தில் கமல்ஹாசன், எதைக் கண்டாலும் அஞ்சும் ஈழத்துத் தமிழராக, யாழ்ப்பாணத் தமிழ் பேசி நடித்தார். ஒரே வீட்டில் அதனைப் பார்க்கும் மூவரை எண்ணிக்கொள்ளலாம். ஒருவர் நகைச்சுவையை நகைச்சுவையாகவே கண்டு மனம்விட்டுச் சிரிப்பார். மற்றொருவர், தம் பேச்சுமொழி பெரிய திரையில் ஒலிப்பதில் மகிழ்ந்தபடியே, ‘இப்பிடி நாங்கள் கதைக்கிறேல்லையே’ என்று இடையிடையே திருத்துவார். மூன்றாமவர், போரின் அச்சம் வேறொரு நாட்டுத் திரையரங்கில் சிரிப்புக்குரிய பொருளானதை நினைத்து முகம் திருப்புவார். ஹோல் சொன்ன மூன்று நிலைகளும் இவைதாம். கோட்பாட்டை முதலிற் கற்றுப் பின்னர் எடுத்துக்காட்டைத் தேடுபவர் இளம் மாணவர். வாழ்ந்து பெற்ற எடுத்துக்காட்டுகள் மிகுதியாக இருந்து, அவற்றுக்கு ஏற்ற பெயரைத் தேடி வருபவர் பகுதிநேர மாணவர். இத்துறையில் அந்த வாழ்வனுபவம் ஒரு பெரும் மூலதனம்.

இலக்கியப் பனுவல்களிலும் இதே நன்மை உண்டு. வேர்ஜீனியா வுல்ஃபின் கணவரும் எழுத்தாளருமான லெனார்ட் வுல்ஃப், 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரியில் இளம் அதிகாரியாகப் பணியேற்றபோது வோல்ரேயரின் நூல்கள் தொண்ணூறு தொகுதிகளைத் தம்முடன் கொண்டுவந்தார். பேரரசின் ஊழியராக இருந்த அவ்வாண்டுகளைத் தமது தன்வரலாற்றில் 1961இல் மீள எண்ணிப்பார்த்தார். அனுக் அருட்பிரகாசத்தின் நாவல் 2021இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. 1980களின் யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்ட வி. வி. கணேஷானந்தனின் நாவல் 2024இல் பிரித்தானியாவின் பெண்கள் புனைகதைப் பரிசை வென்றது. யாழ்ப்பாணத்து வேரிலிருந்து வந்து, இலண்டனில் இன உறவு நிறுவனத்தின் இயக்குநராகப் பணியாற்றிய ஏ. சிவானந்தன் 1997இல் வெளியிட்ட நாவலோ மூன்று தலைமுறை இலங்கை வரலாற்றைத் தாங்கி நிற்கிறது. இவற்றுட் சிலவற்றில் வரும் யாழ்ப்பாணத் தெருக்களில் தினமும் நடந்து வேலைக்குப் போகின்ற வாசகர், எழுத்தில் இடம்பெற்றதையும் விடுபட்டதையும் தாமே ஒப்பிட்டுப் பார்க்க முடியும். வெளிநாட்டு வாசகருக்கு அது வாய்ப்பதில்லை.

மணிக்கணக்கு

இவ்வளவு சொன்ன பின்னும் பகுதிநேரப் படிப்பின் கடினத்தை மறைப்பது நேர்மையாகாது. இலங்கையின் தேசிய தகைமைச் சட்டகத்தின்படி, ஒரு திறமைப்புள்ளி என்பது ஏறத்தாழ 50 மணித்தியாலக் கற்றலைக் குறிக்கும். விரிவுரை, தனி வாசிப்பு, ஒப்படை எழுதுதல், பரீட்சை ஆயத்தம் அனைத்தும் இதில் அடங்கும். முழுநேர மாணவரின் ஓராண்டு 30 திறமைப்புள்ளிகள், அதாவது 1500 மணித்தியாலங்கள். சாதாரணப் பட்டம் ஒன்றுக்கு வேண்டிய 90 திறமைப்புள்ளிகளை ஒருவர் பாதிச் சுமையாகப் படிப்பதாயின், விடுமுறையே இன்றி வாரத்துக்குப் பதினான்கு மணித்தியாலத்துக்கு மேல் ஆறு ஆண்டுகள் ஒதுக்கவேண்டும். நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் என்று சொல்லும்போது சிறிதாகத் தோன்றும் இக்கணக்கு, பாடசாலை விட்டு வந்து, சமைத்து, பிள்ளைகளை ரியூசனுக்குக் கூட்டிச்சென்று, மறுநாட் பாடக்குறிப்பையும் எழுதி முடித்த ஓர் ஆசிரியைக்கு, நித்திரையிலிருந்தே வெட்டியெடுக்கவேண்டிய இரண்டு மணித்தியாலமாகும்.

நேரம் துண்டாடப்படுவது இலக்கிய வாசிப்பைத் தனியே பாதிக்கும். கணக்கியலில் ஓர் அலகை முடித்து மூடிவைக்கலாம். நாவலோ ஓட்டத்தைக் கேட்கும். அனுபவமுள்ளோர் இதற்கெனச் சில ஒழுங்குகளைக் கைக்கொள்கின்றனர். நீண்ட நாவலை விடுமுறைக்கு ஒதுக்கி, பாடசாலைத் தவணைக் காலத்தில் கவிதையும் சிறுகதையும் படிப்பர். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வரும் 750ஆம் இலக்க பஸ்ஸில் ஒரு கவிதையை மனத்தில் வைத்துக்கொண்டே வருவர். பதினான்கு அடிச் சொனெற் ஒன்றை ஒரு வாரம் முழுவதும் தாங்கித் திரிபவர் அதில் காண்பவற்றை, ஒரே அமர்வில் ஐந்து சொனெற்றுகளை வாசித்துக் குறிப்பெடுப்பவர் காணாது போகலாம்.

வாளும் பாலமும்

மற்றொரு கடினம் மொழியிலிருந்து வருகிறது. சிங்கள மாணவரின் வழக்கில் ஆங்கிலத்துக்கு ‘கடுவ’, அதாவது வாள், என்றொரு பெயர் உண்டு. பிறரை வெட்டிக் கீழ்ப்படுத்தும் கருவியாக அம்மொழி இந்நாட்டில் இயங்கியதை அச்சொல்லைத் தலைப்பாகக் கொண்டு பேராதனை ஆங்கிலப் பேராசிரியர் திரு கந்தையா 1984இல் ஆராய்ந்தார். யாழ்ப்பாணத்திலும் அந்த வாளின் காயம் உண்டு. தமிழ் மொழிமூலம் உயர்தரம் வரை படித்து, க.பொ.த. உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கப்படாத பாடசாலையிலிருந்து வந்தவர், பட்டப்படிப்பின் முதல் ஒப்படையிலேயே தம் உச்சரிப்பையும் வாக்கியத்தையும் எண்ணிக் கூசுகிறார்.

அந்தக் கூச்சத்துக்கு ஆங்கிலத்தை மேலும் மனனம் செய்வது மட்டும் மருந்தாகாது. இரு மொழிகளிலும் சிந்திப்பதைக் குறையாகக் கருதாமல் முறையாகக் கைக்கொள்வதே மருந்து. ஆங்கிலக் கவிதை ஒன்றைத் தமிழில் பெயர்த்துப் பார்ப்பவர், எந்தச் சொல்லில் மொழிபெயர்ப்பு தடுக்கி நிற்கிறதோ அந்தச் சொல்லில்தான் கவிதையின் உயிர் இருக்கிறது என்பதைக் கண்டுகொள்வார். சங்க அகப்பாடலில் நிலமும் பொழுதும் உணர்வைச் சுமந்து வருவதை அறிந்தவருக்கு, ஆங்கிலக் கவிதையில் இயற்கை பெறும் இடம் வேறானது என்ற ஒப்பீடு எளிதிற் புலப்படும். தாமோதரம்பிள்ளை முதல் கனகரட்னா, கனகநாயகம் வரை இம்மண்ணின் ஆங்கிலப் புலமை எப்போதும் இரு கரைகளையும் தொட்டுக்கொண்டே வளர்ந்திருக்கிறது.

வாசிகசாலையும் திங்கட்கிழமையும்

பகுதிநேர மாணவரை மிகவும் வாட்டுவது தனிமை. விரிவுரை முடிந்த பின் மரநிழலில் நடக்கும் வாதம், நூலகத்தில் தற்செயலாகக் கைபடும் நூல், சந்தேகம் கேட்க ஒரு மூத்த மாணவர் ஆகியவை உள்வாரி மாணவர்க்குக் கேளாமலே கிடைப்பன. இவற்றுக்கு ஈடுசெய்யும் அமைப்பு யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. ஊர்தோறும் சனசமூக நிலையமும் அதன் வாசிகசாலையும் உள்ள குடாநாட்டில், செய்தித்தாள் வாசிக்கும் அந்த மேசையைச் சுற்றி மாதம் ஒருமுறை ஐந்தாறு பேர் ஒரு சிறுகதையையோ ஒரு திரைப்படத்தையோ எடுத்து ஆராய்வது பெருஞ்செலவுள்ள காரியமன்று. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த யாழ்ப்பாணப் பொது நூலகமும், 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் இலவசமாக வழங்கிவரும் நூலகம் திட்டமும், பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்று படிப்பவர்க்கு வாய்த்த செல்வங்கள். பல்கலைக்கழகங்களும் தம் மாலைநேரக் கருத்தரங்குகளைப் பகுதிநேர மாணவர்க்கு வழக்கமாகத் திறந்துவைப்பதும், அவர்தம் ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஊரைக் களமாகக் கொள்ள ஊக்கமளிப்பதும் செய்யத்தக்க கடமைகள்.

இப்படிப்பின் பயன் என்ன என்ற கேள்வி வீட்டிலும் அலுவலகத்திலும் கேட்கப்படும். சம்பளப் படிநிலை, பதவி உயர்வு என்பன விடையின் ஒரு பகுதி; குடும்பச் செலவைக் கணக்கிட்டு வாழ்பவர்க்கு அதுவும் மதிப்புடைய விடையே. விடையின் மறுபகுதியை ஒரு பாடசாலை வகுப்பறையிற் காணலாம். ஞாயிற்றுக்கிழமை பண்பாட்டு ஆய்வு வகுப்பில் கனகராஜாவின் ஆய்வை வாசித்த ஆசிரியை, திங்கட்கிழமை ஆங்கிலக் கொப்பிகளைத் திருத்தும்போது, பயிற்சிக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை வரைந்துவைத்த படத்தைக் காண்கிறார். முன்னர் அவருடைய சிவப்புப் பேனா அதன்மேற் கோடிட்டுக் கண்டித்திருக்கும். இப்போது அப்பிள்ளை என்ன சொல்ல முனைகிறது என்று ஒரு கணம் நின்று வாசிக்கிறார். ஹல்லிலும் லீட்ஸிலும் மாலை வகுப்புகளில் வயதுவந்தோர் எழுப்பிய கேள்வி, பேர்மிங்ஹாமுக்கும் திருநெல்வேலிக்கும் வந்து, இறுதியில் அந்தக் கொப்பியின் ஓரத்தை அடைகிறது. அந்த ஆசிரியை வெளிவாரியாகப் படித்தவர் என்பதனால் அந்த வாசிப்பில் எதுவும் குறைந்துவிடவில்லை.